பலாலியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்: வானவழிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒருவர் 356 என்பார், இன்னொருவர் 221 என்பார், மூன்றாமவர் 192 என்பார். மூவர் சொன்னதும் சரி. முதலாவது கிலோமீற்றர், இரண்டாவது தரை மைல், மூன்றாவது கடல் மைல். நேரத்தைக் கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். 42 நிமிடம் என்றும் வரும், 1 மணி 20 நிமிடம் என்றும் வரும், ஐந்தரை மணி என்றும் வரும். அவையும் பிழையில்லை. எதிலிருந்து எதுவரை அளந்தது என்பதுதான் வேறு.

பயணத் திட்டத்தில் பிழைவிடுபவர்கள் பெரும்பாலும் தூரத்தில் பிழைவிடுவதில்லை. 42 நிமிடத்தை நம்பி ஐந்தரை மணி வேலைக்கு வெளிக்கிடுகிறார்கள். ஆகவே தூரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று முதலில் பார்த்துவிட்டு, அதை நேரமாக மாற்றும் இடத்தில் கொஞ்சம் ஆறுதலாக நிற்போம்.

முதலில் புள்ளியைச் சரியாகப் பிடியுங்கள்

வேண்டியது இரண்டு விமான நிலையங்களின் அகலாங்கும் நெட்டாங்கும். யாழ்ப்பாணம் சென்னை என்று ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடினால் பல தளங்கள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்து தந்துவிடும். கொழும்பின் சர்வதேச விமான நிலையம் உள்ள கட்டுநாயக்க, கொழும்புக் கோட்டையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 28 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. போதாததற்குக் கொழும்பின் தெற்கே இரத்மலானை விமான நிலையம் வேறு. லண்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே ஆறு விமான நிலையங்கள். அதனால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். பலாலிக்கு ஜே.ஏ.எவ்., சென்னை மீனம்பாக்கத்துக்கு எம்.ஏ.ஏ. (மெட்ராஸ் என்ற பழைய பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது), திருச்சிக்கு ரி.ஆர்.இசட்., கட்டுநாயக்கவுக்கு சீ.எம்.பி., லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., ரொறன்ரோ பியர்சனுக்கு வை.வை.இசட். விமானிகள் பாவிக்கும் நான்கெழுத்துக் குறியீடு வேறு. அதில் பலாலி வி.சி.சி.ஜே.

கணக்குக்கு வேண்டிய எண்கள் இவை. பலாலி: வடக்கு 9.7923, கிழக்கு 80.0701. சென்னை: வடக்கு 12.9900, கிழக்கு 80.1693. திருச்சி: வடக்கு 10.7654, கிழக்கு 78.7097. கட்டுநாயக்க: வடக்கு 7.1808, கிழக்கு 79.8841. ஹீத்ரோ: வடக்கு 51.4706, மேற்கு 0.4619. ரொறன்ரோ: வடக்கு 43.6772, மேற்கு 79.6306. வேறு நிலையம் என்றால் கைத்தொலைபேசி வரைபடத்தில் ஓடுபாதையின் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எண் வரும்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, பாகை–கலை–விகலையில் எழுதியதைத் தசமமாக எடுத்துவிடுவது. பலாலி 9 பாகை 47 கலை 32 விகலை என்று இருந்தால் அது 9.4732 ஆகாது. 47ஐ 60ஆலும் 32ஐ 3,600ஆலும் பிரித்துக் கூட்ட வேண்டும், 9.792 வரும். அப்படிச் செய்யாமல் விட்டால் பலாலி 35 கிலோமீற்றர் தெற்கே தள்ளிப்போய்விடும். மற்றது, மேற்கு நெட்டாங்குக்குக் கழித்தல் குறி போட மறப்பது. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு 4,058 கிலோமீற்றர் என்று விடை வந்தால் நீங்கள் ரொறன்ரோவைத் தூக்கிக் கசகஸ்தானில் நட்டிருக்கிறீர்கள்.

கிட்டிய தூரம்: கடதாசியில் போடக்கூடிய கணக்கு

பூமியின் சுற்றளவை 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111.2 கிலோமீற்றர். வடக்கு–தெற்காக அளக்கையில் இது எங்கும் பொருந்தும். கிழக்கு–மேற்காக அளக்கையில் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். சுருங்கும் அளவு, அந்த அகலாங்கின் கோசைன்.

பலாலிக்கும் சென்னைக்கும் அகலாங்கு வித்தியாசம் 3.1977 பாகை. அதை 111.2ஆல் பெருக்க 355.6 கிலோமீற்றர். நெட்டாங்கு வித்தியாசம் 0.0992 பாகைதான். இரண்டின் நடு அகலாங்கு ஏறக்குறைய 11.4 பாகை, அதன் கோசைன் 0.98. ஆக 0.0992 × 0.98 × 111.2 = 10.8 கிலோமீற்றர். இப்போது பள்ளிக்கூடத்துப் பைதகரஸ்: 355.6இன் வர்க்கத்தையும் 10.8இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க 355.8. 356 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோடிக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய 80ஆம் கிழக்கு நெட்டாங்கிலேயே ஒன்றுக்கு நேர் மேலே மற்றது இருப்பதால் கோசைன் இல்லாமலே கடல் மைல் கிடைக்கும். அகலாங்கின் ஒரு கலைதான் ஒரு கடல் மைல். 3.1977ஐ 60ஆல் பெருக்குங்கள்: 192. கடல் மைல் ஏன் அப்படி ஒரு விநோத அளவு என்று யோசித்தவர்களுக்கு விடை இதிலேயே இருக்கிறது. கடல் மைலைக் கிலோமீற்றராக்க 1.852ஆல் பெருக்க வேண்டும். தரை மைலைக் கிலோமீற்றராக்க 1.609ஆல்.

சில தளங்கள் 354 என்று காட்டும். அதுவும் கோளாறில்லை. நாம் பூமியை உருண்டையாக எடுத்தோம். உண்மையில் அது துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. நம்முடைய அகலாங்கில் வடக்கு–தெற்குப் பாகை ஒன்று 110.6 கிலோமீற்றர்தான். இரண்டு கிலோமீற்றர் வித்தியாசத்துக்கு யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இதே முறையில் பலாலி–திருச்சி 184 கிலோமீற்றர், பலாலி–கட்டுநாயக்க 291, கட்டுநாயக்க–சென்னை 647. போட்டுப் பாருங்கள். பலாலியிலிருந்து கட்டுநாயக்கவைவிடத் திருச்சி 100 கிலோமீற்றருக்கு மேல் கிட்ட.

நீண்ட தூரம்: நேர்கோடு வளைந்துதான் தெரியும்

ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போனால் பைதகரஸ் கைவிடுவார். சைன், கோசைன் உள்ள கணிப்பான் ஒன்று வேண்டும், க.பொ.த. மாணவர்கள் வைத்திருப்பது போதும். முதலில் அது பாகையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரையன் (ரேடியன்) என்ற மற்றக் கோண அளவில் இருந்தால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை. சோதிக்க லேசான வழி: சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வர வேண்டும்.

கணக்கு இதுதான். இரண்டு அகலாங்குகளின் சைன்களையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். தனியாக, இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் பெருக்கி, அதை நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனால் பெருக்குங்கள். இரண்டு விடையையும் கூட்டி, நேர்மாறு கோசைன் எடுத்தால் கோணம் பாகையில் வரும். அதை 111.2ஆல் பெருக்கத் தூரம்.

கொழும்பு–லண்டனுக்குப் போட்டால்: 7.1808இன் சைன் 0.1250, 51.4706இன் சைன் 0.7823, பெருக்க 0.0978. கோசைன்கள் 0.9922, 0.6229. ஹீத்ரோ மேற்கில் இருப்பதால் நெட்டாங்கு வித்தியாசம் கழித்தலாக அல்ல, கூட்டலாக வரும்: 80.346. அதன் கோசைன் 0.1677. மூன்றையும் பெருக்க 0.1036. கூட்டுத்தொகை 0.2014. நேர்மாறு கோசைன் 78.38 பாகை. தூரம் ஏறக்குறைய 8,715 கிலோமீற்றர்.

கணிப்பான் பிடிக்காதவர்களுக்கு உலக உருண்டையும் நூலும் போதும். பள்ளிக்கூடங்களில் உள்ள 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் 425 கிலோமீற்றர். கொழும்பில் ஒரு விரலும் ரொறன்ரோவில் ஒரு விரலும் வைத்து நூலை இறுக்கிப் பிடியுங்கள். 33 சென்ரிமீற்றர் வரும், அதாவது 14,000 கிலோமீற்றர். சூத்திரத்தில் 13,996. நூல் எங்கே போகிறது என்றும் ஒருக்கால் பாருங்கள். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று நேராக மேற்கே போகும்போல் தெரியும் வழி, உருண்டையில் உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா கடந்து நோர்வேயின் வடபகுதியால் ஏறி, 72ஆம் அகலாங்கைத் தொட்டு, கிரீன்லாந்துக்கு மேலால் இறங்கும். ரொறன்ரோவுக்குப் போகும் பெரியம்மா ஜன்னலால் பனிக்கட்டியைக் கண்டு விமானம் வழி தவறிவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாறத்தான் வேண்டும். டுபாய் வழியென்றால் 3,288 உம் 11,082 உம், மொத்தம் 14,370. நேர்வழியைவிட 374 கிலோமீற்றர்தான் கூட. பறக்கும் நேரத்தில் அரை மணிக்கும் குறைவு. ஆனால் அங்கே காத்திருப்பு மூன்று மணியா பதினொரு மணியா என்பதில்தான் பயணத்தின் நீளம் இருக்கிறது.

இதைவிடச் சுவையான எண் ஒன்று உண்டு. பலாலியிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறக்க முடிந்தால் 8,503 கிலோமீற்றர். பலாலி–சென்னை–லண்டன் 356 + 8,235 = 8,591. சுற்று வெறும் 88 கிலோமீற்றர். தூரக் கணக்கில் மட்டும் பார்த்தால் வடக்கில் இருப்பவருக்குச் சென்னை ஒரு வழிப்பாதைத் தரிப்பிடம் போன்றது. ஏன் அது எல்லோருக்கும் சரிவராது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை

பலாலி–சென்னை நேர்கோடு கிட்டத்தட்ட முழுவதும் கடலுக்கு மேல். கோடியக்கரை, நாகபட்டினம், காரைக்கால், புதுச்சேரி எல்லாம் 25 முதல் 33 கிலோமீற்றர் மேற்கே, சென்னை நோக்கிப் போகையில் இடப்பக்க ஜன்னலில். கல்பாக்கத்துக்குக் கிட்டத்தான் கோடு கரையைத் தொடும். திருச்சிக் கோடு அதிராம்பட்டினத்தை ஒட்டிக் கரையேறும். ஆனால் விமானங்கள் வான்பாதைகளில் குறித்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகின்றன, இராணுவ வான்வெளியைச் சுற்றுகின்றன, இறங்கும் ஓடுபாதைக்கு நேராக வரத் திரும்புகின்றன. குறுகிய பறப்பில் இது நேர்கோட்டோடு பத்து வீதம் வரை கூட்டிவிடும். நீண்ட பறப்பில் இரண்டு மூன்று வீதம்.

வான்வெளி மூடப்பட்டால் கணக்கே மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டில்லியிலிருந்து மேற்கே போன எயர் இந்தியாப் பறப்புகள் நீண்டுபோயின. விமான நிலையங்கள் இடம் மாறவில்லை, தூரத் தளங்கள் அதே எண்ணைத்தான் காட்டின. நேரம் மட்டும் கூடியது.

பலாலியின் ஓடுபாதைக்கு 05/23 என்று பெயர். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை: ஒரு முனை 50, மறுமுனை 230. அதாவது வடகிழக்கு–தென்மேற்கு. நம்முடைய வாடையும் சோளகமும் வீசும் கோடு அது. விமானம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாக இறங்கவே விரும்பும். ஆகவே சோளகக் காலத்தில் சென்னையிலிருந்து வருவது கடல் பக்கத்தால் நேராக வந்து 23இல் இறங்கலாம். வாடைக் காலத்தில் குடாநாட்டைத் தாண்டித் தென்மேற்குப் பக்கம் போய்த் திரும்பி 05இல் இறங்க வேண்டும், ஐந்து பத்து நிமிடம் கூடும். முன்னே இறங்குவதுபோல் வந்து பிறகு சுற்றுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தூரத்தை நேரமாக்குவது

தூரத்தை வேகத்தால் பிரித்தால் வருவது பறக்கும் நேரம்கூட அல்ல, அதைவிடக் குறைவு. உயர ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் இருப்பதில்லை. ரிக்கற்றில் அச்சடித்திருப்பதோ இன்னொன்று: சில்லு நகரத் தொடங்கியதிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் சில்லு நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கி மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள். சுணக்கத்துக்கென்று கொம்பனிகள் சில நிமிடங்களை மேலதிகமாகவும் வைக்கும். "நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பின் இரகசியம் அதில் இருக்கிறது.

மூன்று சூத்திரம் மனதில் இருந்தால் போதும்.

சுழல்விசிறி விமானம் என்றால் கிலோமீற்றரை 500ஆல் பிரித்து, 35 நிமிடம் கூட்டுங்கள். பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். 72, முழு வேகம் மணிக்கு ஏறக்குறைய 510 கிலோமீற்றர். 356ஐ 500ஆல் பிரிக்க 43 நிமிடம், 35ஐக் கூட்ட 1 மணி 18. அட்டவணைகளில் 1 மணி 15க்கும் 1 மணி 25க்கும் இடையில் காண்பீர்கள். திருச்சி: 22 + 35 = 57 நிமிடம், அட்டவணையில் ஒரு மணி.

சிறிய ஜெற் விமானத்தில் குறுகிய தூரம் என்றால் 800ஆல் பிரித்து 35 நிமிடம். கட்டுநாயக்க–சென்னை 1 மணி 24 வரும். இப்போது பாருங்கள்: பலாலி–சென்னையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தூரம், ஆனால் நேரம் கிட்டத்தட்ட ஒன்று. குறுகிய பறப்பில் நேரத்தைத் தீர்மானிப்பது அந்த 35 நிமிடமே.

பெரிய ஜெற் விமானத்தில் நீண்ட தூரம் என்றால் 850ஆல் பிரித்து 40 நிமிடம். லண்டனுக்கு 10 மணி 15 உம் 40 நிமிடமும், 10 மணி 55. டுபாய்–ரொறன்ரோ 13 மணி 42.

சூத்திரம் பழைய காலத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சின்ன விலகல். இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயர் சிலோனின் முதற் பறப்பு 1947 டிசெம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் (இன்றைய பலாலி) தரித்து மெட்ராஸுக்குப் போனது. அந்த டகோட்டா விமானத்தின் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் என்று வைத்தால் இங்கிருந்து மெட்ராஸுக்கு வானில் 1 மணி 11 நிமிடம். ஓடுபாதையில் அப்போது நெரிசல் இல்லை. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல், வீடுபோய்ச் சேரும் நேரத்தில் அப்படியொன்றும் இலாபமில்லை.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை? மேலே, 30,000 அடிக்கு மேல், வடக்கு அகலாங்குகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு இருக்கிறது. மாரியில் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டும் நாட்களும் உண்டு. வழி முழுவதும் சராசரியாக 50 கிலோமீற்றர்தான் என்று எடுங்கள். விமானத்தின் வேகம் 900 என்றால் லண்டன் போகையில் 850, வருகையில் 950. 8,715 கிலோமீற்றருக்கு ஒரு மணி 5 நிமிட வித்தியாசம். வழிமுழுக்க எதிர்க்காற்று இருப்பதில்லை என்பதால் அட்டவணையில் பெரும்பாலும் அரை மணியளவே தெரியும். பலாலி–சென்னை வடக்கு–தெற்கு என்பதால் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேல் பாதிப்பு அரிது.

மணிக்கூட்டுக் கணக்கு

ரிக்கற்றில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம் வராது. சென்னைக்கும் திருச்சிக்கும் மட்டும் வரும், ஏனெனில் இலங்கையும் இந்தியாவும் சர்வதேச நேரத்தைவிட (UTC) ஒரே அளவாக 5.30 மணி முன்னே. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு நேரத்தையும் சர்வதேச நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

கொழும்பிலிருந்து பகல் 1.00 மணிக்கு வெளிக்கிட்டு லண்டனில் மாலை 6.30க்கு இறங்குவதாக வைப்போம், மாதம் ஜனவரி. 1.00 மணியிலிருந்து 5.30ஐக் கழிக்கக் காலை 7.30. மாரியில் லண்டன் நேரமே சர்வதேச நேரம். 7.30 முதல் 18.30 வரை 11 மணி. இதே பறப்பு ஜூலையில் என்றால் லண்டனில் மணி 7.30 காட்டும், பயணம் அதே 11 மணி.

ரொறன்ரோவில் ஆட்கள் அதிகம் தடுமாறுவார்கள். டிசெம்பர் 4 காலை 10.00க்குக் கொழும்பை விட்டு, அதே டிசெம்பர் 4 இரவு 10.00க்கு ரொறன்ரோவில் இறங்குவதாகத் தெரிந்தால் 12 மணிநேரப் பயணம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். காலை 10.00 என்பது சர்வதேச நேரம் 4.30. ரொறன்ரோவின் இரவு 10.00 என்பது 5ஐக் கூட்ட மறுநாள் அதிகாலை 3.00. இருபத்திரண்டரை மணி.

வித்தியாசம் வருடத்தில் இருமுறை மாறும், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் அல்ல. பிரித்தானியாவும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றும். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். சிட்னி ஒக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே எடுக்கும். ஆக எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் மாரியில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை. லண்டனுக்கு ஐந்தரை, நாலரை. பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் நாலரை, மூன்றரை. சிட்னி எங்களைவிட முன்னே, அவர்களின் குளிரில் நாலரை, வெயிலில் ஐந்தரை.

பழைய கணினியோ பழைய மணிக்கூட்டு மென்பொருளோ இலங்கைக்கு 6.00 என்று காட்டினால் நம்பாதீர்கள். 1996இல் முன்னே தள்ளிய நேரம் 2006 ஏப்ரலில் 5.30க்குத் திரும்பிவிட்டது.

விமான அட்டவணையும் அதே மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும்தான் கோடை, மாரி என்று மாறும். பலாலி–திருச்சிச் சேவை 2025 மார்ச் 30இல் தொடங்கியதும் அப்படி ஒரு ஞாயிறுதான். இந்த எல்லைக்கு அப்பால் உள்ள பயணத்துக்கு முற்கூட்டியே ரிக்கற் எடுத்திருந்தால், எல்லைக்கு ஒரு மாதம் முன்னர் நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் என்பதும் மாறக்கூடும். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020 மார்ச்சில் நின்று 2022 டிசெம்பரில்தான் மறுபடி வந்தது. எனவே பலாலி வழி மட்டும் என்று நம்பி மறுநாள் கலியாணத்துக்குத் திகதி குறிப்பது துணிச்சல்.

வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போது உண்மையான கூட்டல். நல்லூரில் ஒரு வீட்டிலிருந்து லண்டன் விமானத்தால் இறங்கி வெளியே வரும் வரை.

கட்டுநாயக்க வழி: தரைவழியில் 350 கிலோமீற்றருக்கு மேல், வான் வண்டியில் ஏழரை மணி என்று வைப்போம். பஸ் என்றால் கூட. விமான நிலையத்தில் 3 மணி. பறப்பு நம் சூத்திரப்படி 10 மணி 55, காற்றுக்கு அரை மணி கூட்டி 11 மணி 25. இறங்கிக் குடிவரவு, பொதி எல்லாம் முடிய ஒன்றரை. மொத்தம் 23 மணி 25.

பலாலி வழி: முக்கால் மணி, நிலையத்தில் 3 மணி, சென்னைக்கு 1 மணி 20, சென்னையிலிருந்து லண்டனுக்கு 8,235 கிலோமீற்றருக்கு நம் சூத்திரப்படி 10 மணி 20, காற்றுக்கு அரை மணி கூட்டி 10 மணி 50, இறங்கி ஒன்றரை. மொத்தம் 17 மணி 25. இதோடு சென்னையில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் காத்திருப்பு ஆறு மணிக்குக் குறைவாக இருந்தால் பலாலி வெல்லும். பின்னேரம் சென்னையில் இறங்கி அதிகாலை விமானத்துக்கு இருக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மணி போய்விடும், அப்போது கட்டுநாயக்கதான் விரைவு. இடுப்பு நோவுள்ள வயோதிபருக்கு ஏழரை மணி வான் வண்டியில் குலுங்குவதைவிடச் சென்னைக் கதிரை மேல் என்பது வேறு கணக்கு, அதற்குச் சூத்திரம் இல்லை.

காத்திருப்பைக் கணக்கிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பறப்பும் ஒரே ரிக்கற்றில் இருக்கின்றனவா என்பது. தனித்தனி ரிக்கற் என்றால் பொதியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க நேரிடும், அதற்குக் குடிவரவு தாண்டி வெளியே வர வேண்டும், இந்திய விசா இல்லாமல் அது நடக்காது. முதல் விமானம் சுணங்கி இரண்டாவது போய்விட்டால் பணமும் போகும். ஒரே ரிக்கற் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கொம்பனியின் பொறுப்பு. தனி ரிக்கற்றில் நான்கு மணிக்குக் குறைந்த இடைவெளியை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆறு மணி வையுங்கள், அல்லது ஒரு இரவு தங்குங்கள். அது சென்னையின் மழைக்காலம். 2015 டிசெம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாட்கணக்காக மூடிக்கிடந்தது, 2024 நவம்பர் 30இல் ஃபெங்கல் புயலுக்கும் மூடினார்கள்.

தூர எண் ஒரு இடத்தில் மட்டும் காசாகும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு விமான நிலையத்திலிருந்து வெளிக்கிடும் பறப்பு கொம்பனியின் பிழையால் பெரிதாகச் சுணங்கினால் 261/2004 விதிப்படி இழப்பீடு கேட்கலாம், தொகையைத் தீர்மானிப்பது தூரம். எல்லைகள் 1,500 உம் 3,500 உம் கிலோமீற்றர். அங்கே எடுப்பது விமானம் பறந்த வழியல்ல, மேலே நாம் நூல் பிடித்து அளந்த அதே வட்டத் தூரம். பாரிஸிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ கொழும்பு 3,500ஐ எளிதாகத் தாண்டும். (சுவிஸ் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அந்த விதியை ஏற்றிருக்கிறது.) இடையில் எங்கு மாறினாலும், ஒரே ரிக்கற் என்றால், முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரைதான் அளவு.